புரிந்ததா, தம்பி?

காவிரியின் கிளையாறு ஒன்றின் கரையில் பிறந்தவன் நான். எங்கள் ஊரில் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுப்பார் என்று தனியாக யாரும் இல்லை. படித்துறையிலிருந்து யாராவது ஒருவன் தள்ளிவிடுவான், தத்தளித்துக் கரையேறிவிடுவோம், அவ்வளவுதான் பயிற்சி. ஆகையால், இந்த வடநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு வந்த முதல் ஆண்டில், விடுதி அறிவிப்புப் பலகையில் 'கயாக் சங்கத்தில் சேர விரும்புவோர் பெயர் கொடுக்கலாம்' என்ற காகிதத்தைக் கண்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. தண்ணீரைப் பற்றி எனக்கு யார் என்ன கற்றுக்கொடுத்துவிட முடியும் என்று எண்ணினேன். அந்த எண்ணத்துடனேயே பெயரையும் கொடுத்தேன்.

கயாக்கைப் பார்த்திராத நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. நம் கட்டுமரத்தின் பெயரை ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டு 'காட்டமரான்' ஆக்கினார்கள் அல்லவா? அதைப் போலவே, வடதுருவத்தை அடுத்த பனி நாடுகளில் வாழும் இனூயிட் மக்களின் படகுப் பெயரை உலகம் எடுத்துக்கொண்டது, அதுதான் கயாக். மரச்சட்டத்தின் மேல் கடல்நாயின் தோலைப் போர்த்தி, ஒருவர் இடுப்பளவு நுழையும் ஓட்டை மட்டும் விட்டு, வேட்டைக்காக அவர்கள் கட்டிய படகு அது. இப்போது பிளாஸ்டிக்கில் வார்க்கிறார்கள். உட்கார்ந்தவன் இடுப்பைச் சுற்றி ஒரு ரப்பர்ப் பாவாடையைக் கட்டி, அதன் விளிம்பைப் படகின் வாயோடு இறுக்கிவிட்டால், அலை அடித்தாலும் உள்ளே தண்ணீர் புகாது. படகு வேறு, ஆள் வேறு என்பது போய் இரண்டும் ஒன்றாகிவிடும். அதில்தான் அதன் சிறப்பு இருக்கிறது. அபாயமும் அதில்தான் இருக்கிறது. ஏனெனில், படகு கவிழ்ந்தால் ஆளும் தலைகீழாகத் தொங்குவான்.

எங்களுக்குப் பயிற்சி அளித்தவர் கட்வால் மலைப்பக்கத்துக்காரர். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் அவரை 'உஸ்தாத்' என்றே அழைப்போம். முதல் நாள் பயிற்சி பல்கலைக்கழக நீச்சல் குளத்தில் நடந்தது. கவிழ்ந்தால் எப்படி வெளியே வருவது என்பதே முதல் பாடம். உஸ்தாத் பத்து நிமிடம் ஹிந்தியில் விளக்கினார். அந்நாளில் எனக்குத் தெரிந்த ஹிந்தி, ஒன்று முதல் இருபது வரை எண்ணுவதும், தேநீர் கேட்பதும் மட்டுமே. அதையும் விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் ஒருமுறை தவறாகச் சொல்லி, எட்டுப் பேர் சிரிக்க, அன்று முதல் வாயைத் திறப்பதையே குறைத்துக்கொண்டிருந்தேன். விளக்கி முடித்த உஸ்தாத் என்னைப் பார்த்து, "சமஜ் கயே?" என்று கேட்டார். புரிந்ததா என்று பொருள். நான் தலையாட்டினேன்.

அவர் சொன்னது என்ன என்பதை இப்போது சொல்கிறேன். பாவாடையின் முன்புறத்தில் துணியாலான ஒரு வளையம் தொங்கும். அது எப்போதும் வெளியேதான் இருக்க வேண்டும். கவிழ்ந்ததும் உடலை முன்னால் வளைக்க வேண்டும். இரு கைகளாலும் படகின் அடியை மூன்று முறை தட்ட வேண்டும். 'இங்கே ஒருவன் இருக்கிறான்' என்று மற்றவர்களுக்கு அது அடையாளம். பதற்றத்தை அடக்கவும் அதுவே வழி. பிறகு வளையத்தைப் பற்றி முன்னோக்கி இழுத்தால் பாவாடை கழன்றுவிடும். படகின் விளிம்பில் இரு கைகளையும் ஊன்றி, கால்சட்டையைக் கழற்றுவதைப் போல் படகைக் கழற்றிவிட வேண்டும். இதற்கெல்லாம் ஐந்து விநாடி போதும்.

நான் செய்தது என்ன? முன்னால் தொங்கிய அந்த வளையம் அழகாக இல்லை என்று நினைத்து, பாவாடைக்கு உள்ளே மடித்துச் செருகிவிட்டேன்!

படகு கவிழ்ந்தது. காவிரிக்கரை நீச்சல்காரன் கைகளை வீசினான், கால்களை உதைத்தான். கைகள் தண்ணீரில் துழாவின. கால்கள் படகுக்குள் அடைபட்டுக் கிடந்தன. மூக்கின் வழியே நீர் ஏறியது. மேலே எது, கீழே எது என்றே தெரியவில்லை. உஸ்தாத் பக்கத்திலேயே இடுப்பளவு நீரில் நின்றுகொண்டிருந்தபடியால், ஒரே திருப்பில் படகை நிமிர்த்திவிட்டார். எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று பிறகு கேட்டேன். ஏழெட்டு விநாடி இருக்கும் என்றார்கள். எனக்கு அது ஏழெட்டு நிமிடமாகத் தோன்றியது.

கரையில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்த என்னிடம் உஸ்தாத் வந்தார். ஏச்சு வாங்கப் போகிறோம் என்று நடுங்கினேன். அவர் உள்ளே செருகியிருந்த வளையத்தை வெளியே இழுத்துப் பார்த்தார். பிறகு ஒரு மலையாள நண்பரை அழைத்து மொழிபெயர்க்கச் சொல்லி, இப்படிச் சொன்னார்: "தம்பி, தவறு என்னுடையது. நான் உன்னைப் பார்த்து 'புரிந்ததா?' என்று கேட்டேன். அது கேட்கக் கூடாத கேள்வி. அதற்கு 'ஆம்' என்பதைத் தவிர யாரும் வேறு பதில் சொல்லமாட்டார்கள். 'செய்து காட்டு' என்று சொல்லியிருக்க வேண்டும்."

நான்கு ஆண்டுகளாக இங்கே எத்தனையோ வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறேன். அன்று அந்தக் குளத்தங்கரையில் கேட்ட அளவுக்கு நல்ல பாடத்தை வேறு எங்கும் கேட்டதில்லை.

மூன்றாம் ஆண்டில் என்னைச் சங்கத்தின் காரியதரிசியாக்கினார்கள். உஸ்தாத்தும் நானும் சேர்ந்து ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினோம். பாடம் முடிந்ததும் ஒவ்வொருவரும் கேட்டதைத் தம் தாய்மொழியில், கைகளால் செய்து காட்டியபடியே, உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும். பஞ்சாபி, வங்காளி, தெலுங்கு, தமிழ், மணிப்புரி எல்லாம் ஒரே நேரத்தில் குளத்தங்கரையில் ஒலிக்கும்போது, வழியே போகிறவர்கள் இது என்ன சந்தை என்று எட்டிப் பார்ப்பார்கள். "உங்களுக்குத்தான் தமிழ் தெரியாதே, அவன் சொல்வது சரியா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?" என்று ஒருமுறை உஸ்தாத்தைக் கேட்டேன். "நான் வாயைப் பார்ப்பதில்லை, கையைப் பார்க்கிறேன். வாய் வெட்கப்படும்; கை வெட்கப்படாது" என்றார்.

ஆற்றில் இறங்கிய பிறகு பேச்சே கேட்காது, இரைச்சல் அப்படி. அங்கே கையும் துடுப்பும் விசிலும்தான் மொழி. துடுப்பைக் குறுக்கே பிடித்தால் நில். நெட்டுக்குத்தாக உயர்த்தினால் வரலாம். மூன்று நீண்ட விசில் என்றால் ஆபத்து. தூரத்தில் இருப்பவனைப் பார்த்து நம் உச்சந்தலையைத் தட்டிக் காட்டினால், 'நலமாக இருக்கிறாயா?' என்று பொருள். அவனும் தன் தலையைத் தட்டிக் காட்டவேண்டும். காட்டாவிட்டால் அவன் நலமாக இல்லை என்றே கொள்ள வேண்டும். பாருங்கள், உலகெங்கும் ஆற்றுப் படகோட்டிகள் தலையாட்டலை நம்பவில்லை, தட்டலைத்தான் நம்புகிறார்கள்!

நவம்பரில் கங்கைக்கு ஒரு பிரயாணம் ஏற்பாடு செய்தோம். ரிஷிகேசத்துக்கு மேலே சிவபுரிப் பக்கம், பெரிய பாய்ச்சல்கள் இல்லாத ஒரு பகுதி. இதற்கான ஏற்பாடுகளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதினேன். யார் யார் வருகிறார்கள், எங்கே இறங்குகிறோம், எங்கே ஏறுகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம், எத்தனை மணிக்குள் செய்தி வராவிட்டால் யாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதை எல்லாம் ஒரு தாளில் எழுதி விடுதிக் காப்பாளரிடம் கொடுத்தோம். உள்ளூர் வழிகாட்டிகள் இருவரை அமர்த்தினோம். இருவர் இருவராகச் சேர்த்து, ஒருவருக்கு மற்றவர் பொறுப்பு என்று ஆக்கினோம். மிதவைச் சட்டை போட்டவர்களின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தோம். சட்டை காதுவரை ஏறினால் அது தளர்ச்சி, இறுக்க வேண்டும். தண்ணீரில் விழுந்தால் மல்லாந்து, கால்களை நீர் ஓடும் திசையில் நீட்டி மிதக்க வேண்டும் என்றும், ஓடும் நீரில் எழுந்து நிற்க முயலக் கூடாது என்றும் பலமுறை சொல்லிக்கொடுத்தோம். பாறை இடுக்கில் கால் மாட்டிக்கொண்டால், இடுப்பளவு நீரே ஆளைக் கவிழ்த்து அமுக்கிவிடும். நம் ஊரில் தண்ணீரில் விழுந்தவன் முதலில் செய்வது காலை ஊன்றப் பார்ப்பதுதான். ஆகையால் இந்தப் பாடத்தில் நம்மவர்களுக்குத்தான் சங்கடம் அதிகம்.

இவ்வளவும் எளிதாக முடிந்தது. கடினமான காரியம் ஒன்றே ஒன்று. அது என் நண்பனைப் பற்றியது.

அவன் மதுரைக்காரன், என் அறைத்தோழன். எனக்கு ஜுரம் வந்தபோது இரவெல்லாம் விழித்திருந்து நெற்றியில் ஈரத்துணி போட்டவன். கவிழ்ந்து வெளிவரும் பயிற்சியை மூன்று முறை தடுமாறாமல் செய்து காட்டியவரே ஆற்றுக்கு வரலாம் என்பது சங்கத்தின் விதி. அவன் ஒரு முறைதான் செய்திருந்தான்; அதுவும் உஸ்தாத் கைகொடுத்த பிறகு. அடுத்த இரண்டு வகுப்புகளுக்கும் தேர்வைக் காரணம் சொல்லி வரவில்லை. ஆனால் பிரயாணத்துக்குப் பணம் கட்டிவிட்டான். கங்கையில் படகு விடப்போவதாக வீட்டுக்கும் சொல்லிவிட்டான்.

"நீ வரலாம், படகில் ஏற முடியாது. கரையில் கயிற்றுப் பையுடன் நில்" என்றேன்.

"டேய், வைகையில் நீந்தினவன்டா நான்!"

"வைகையில் தண்ணீர் ஓடின நாள் எத்தனை?" என்று வேடிக்கையாகக் கேட்டேன். அந்த வேடிக்கையைச் சொல்லியிருக்கக் கூடாது. அவன் முகம் மாறிவிட்டது.

"காரியதரிசி ஆனதும் சட்டம் பேசுகிறாயா? நோட்டில் ஒரு 'டிக்' போட்டால் யாருக்குத் தெரியப் போகிறது?"

உண்மைதான். யாருக்கும் தெரியாது. பேனா என் கையில்தான் இருந்தது. அன்று இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. கங்கை நீர் பனிமலையிலிருந்து வருவது. குளிர்ந்த நீரைப் பற்றி ஆராய்ந்த ஜீஸ்பிரெக்ட் என்ற கனடா நாட்டுப் பேராசிரியர் ஒரு கணக்கு சொல்கிறார்: மிகக் குளிர்ந்த நீரில் விழுந்தால் மூச்சுத் திணறலை அடக்க ஒரு நிமிடம் ஆகும், கைகால்கள் நாம் சொன்னபடி கேட்பது பத்து நிமிடம், நினைவிழக்க ஒரு மணி நேரம். கங்கை அவ்வளவு குளிர் இல்லாவிட்டாலும், விழுந்தவுடன் மூச்சு வாரிப்போகும் என்பதை நான் அறிவேன். குளத்தில் கைகொடுத்த உஸ்தாத் ஆற்றில் பக்கத்தில் இருக்கமாட்டார். அவன் பெயருக்கு நேரே நான் 'டிக்' போடவில்லை.

அவன் வரவே இல்லை. நாங்கள் போனோம். காலையில் உஸ்தாத் நீரின் விளிம்பில் ஒரு கல்லை அடையாளமாக வைத்தார். மேலே பாகீரதியின் குறுக்கே, 260 மீட்டருக்கும் அதிக உயரமுள்ள டெஹ்ரி அணை இருக்கிறது. அங்கே மின்சாரத்துக்காக நீரைத் திறப்பதைப் பொறுத்துக் கீழே ஆறு ஏறும், இறங்கும். நடுப்பகலில் ஓரிடத்தில் கரையேறி உணவு அருந்தினோம். அங்கேயும் ஒரு கல் வைத்தார். சாப்பிட்டு முடிப்பதற்குள் அந்தக் கல் மூழ்கிவிட்டது. வானத்தில் ஒரு மேகம் இல்லை. வெயில் பளிச்சென்று அடித்தது. "இன்றைக்கு இவ்வளவுதான்" என்றார் உஸ்தாத். பாதிப் பிரயாணம் மீதி இருந்தது. படகுகளைத் தோளில் சுமந்துகொண்டு, முணுமுணுத்தபடியே சாலைக்கு ஏறினோம்.

2014ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் தேதி, ஹிமாசலப் பிரதேசத்தில் பியாஸ் ஆற்றில் நடந்ததை மூத்த மாணவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஹைதராபாதிலிருந்து சுற்றுலா வந்த பொறியியல் மாணவர்கள் 24 பேர், மேலே நீர்மின் அணையிலிருந்து திறந்துவிட்ட வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டார்கள். மழை இல்லை, புயல் இல்லை, ஆற்றங்கரையில் நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்த பிள்ளைகள். அன்று படகைச் சுமந்து ஏறியபோது எனக்கு அவர்கள் நினைவுதான்.

திரும்பி வந்ததும் என் நண்பன் கேட்டான்: "யாராவது கவிழ்ந்தீர்களா?" இல்லை என்றேன். "அப்படியென்றால் நானும் வந்திருக்கலாம். என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகியிருக்காது!"

அவன் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. விபத்து நடந்தால் ஆயிரம் சாட்சி உண்டு. நடக்காத விபத்துக்கு யார் சாட்சி சொல்வார்? அன்றையிலிருந்து ஒரே அறையில் இருந்துகொண்டே அவன் என்னோடு பேசுவதில்லை. விளக்கை அணைக்கவா என்று கேட்பதற்குக்கூடத் தொண்டையைக் கனைப்பான். அந்தப் பருவம் முழுவதும் அப்படியே கழிந்தது. ஒரு 'டிக்'கினால் அவனை மீட்டிருக்கலாமே என்று பலமுறை நினைத்ததுண்டு.

அந்த நாட்களில்தான் இங்கிலாந்தில் நடந்த ஒரு வழக்கைப் பற்றிப் படித்தேன். 1993ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் தேதி, லைம் வளைகுடாவில் பள்ளி மாணவர் எட்டுப் பேரைக் கயாக்குகளில் கடலுக்கு அழைத்துச் சென்றார்கள். காற்று அவர்களை வெளிக்கடலுக்குத் தள்ளியது. படகில் நீர் புகாமல் தடுக்கும் பாவாடைகள் இல்லை. உதவி கேட்டு வானில் விடும் தீப்பந்தங்கள் இல்லை. நேரத்துக்குத் திரும்பாதவர்களைத் தேடுவதற்கும் பல மணி நேரம் தாமதமாயிற்று. நான்கு பேர் இறந்தார்கள். நடத்திய நிறுவனத்தின் தலைவருக்கு 1994இல் சிறைத்தண்டனை கிடைத்தது. 1995இல் அந்நாட்டில் இதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. இவற்றையெல்லாம் விட என் மனத்தைத் தைத்தது வேறொன்று. அங்கே முன்பு வேலை பார்த்த பயிற்சியாளர்கள், பாதுகாப்பு போதாது என்று விபத்துக்கு முன்பே கடிதம் எழுதி எச்சரித்திருந்தார்கள். அந்தக் கடிதத்தை வாசித்தவர்களும் என் நண்பனைப் போலவே, 'என்ன ஆகிவிடப் போகிறது?' என்று நினைத்திருக்க வேண்டும். நான் அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதை அன்றோடு விட்டேன். பதில் தெரியவேண்டும் என்றால் அந்தப் பிள்ளைகள் கொடுத்த விலையைக் கொடுக்க வேண்டும்.

அடுத்த மார்ச்சில் குளத்தில் பயிற்சி மீண்டும் தொடங்கியது. முதல் நாள் மாலை, நான் பெயர் எழுதிக்கொண்டிருந்தபோது வரிசையின் கடைசியில் ஒருவன் தொண்டையைக் கனைத்தான். நிமிர்ந்தேன். அவன்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவனும் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கே மூன்று முறை கவிழ்ந்தான். மூன்று முறையும் படகின் அடியில் 'டப், டப், டப்' என்று ஓசை கேட்டது. நான் கரையில் நின்று விநாடிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்றாம் முறை மேலே வந்தவன், தலைமயிரிலிருந்து நீர் சொட்ட, என்னைப் பார்த்து உச்சந்தலையைத் தட்டிக் காட்டினான். நானும் என் தலையைத் தட்டிக் காட்டினேன். அவ்வளவுதான் எங்கள் சமாதானம்.

பிறகு ஒருநாள் இரவு விளக்கை அணைத்த பின் அவனே சொன்னான்: "அந்த இரண்டு வகுப்புக்கும் நான் வராததற்குத் தேர்வு காரணம் இல்லைடா. முதல் நாள் தலைகீழாகத் தொங்கினபோது பயந்துவிட்டேன். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது." இருட்டில் நான் வெகுநேரம் பேசாமல் இருந்தேன். என்னைத் தலையாட்டச் செய்த வெட்கமும் அவனை வரவொட்டாமல் தடுத்த வெட்கமும் ஒன்றே. விதியை நிறைவேற்றிய நான், அவன் ஏன் வரவில்லை என்று ஒரு வார்த்தை கேட்டேனா? கேட்கவில்லை, வைகையைப் பற்றி வேடிக்கை பேசினேன். அதுவும் என் நோட்டுப் புத்தகத்தில் இப்போது ஒரு விதியாக இருக்கிறது: வராதவனைத் தேடிப்போய்க் கேள்.

தமிழ் நண்பர்களே! இந்தப் பெரிய வளாகத்தில் நாம் தலையாட்டும் இடங்கள் எத்தனை! வகுப்பில் ஆட்டுகிறோம், வங்கியில் ஆட்டுகிறோம், மருத்துவர் எந்த மாத்திரையை எப்போது விழுங்கவேண்டும் என்று ஹிந்தியில் சொல்லும்போதும் ஆட்டிவிட்டு வருகிறோம். எட்டுப் பேர் சிரிப்பார்களே என்ற கூச்சம்தான் காரணம். ஊரைவிட்டு வந்தவன் முதலில் கற்கவேண்டிய ஹிந்தி வாக்கியம், தேநீர் கேட்பது அன்று. 'சமஜ் நஹீன் ஆயா', புரியவில்லை என்பதே அது. சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். தண்ணீருக்கு அடியில் தொங்குகிறபோது அவர்கள் சிரிப்பு ஒரு பொருட்டாகத் தோன்றாது என்பதை அனுபவித்தவன் சொல்கிறேன்.

இவ்வாண்டு சங்கத்தின் காரியதரிசி என் மதுரை நண்பன். சென்ற வாரம் திருநெல்வேலியிலிருந்து வந்திருக்கும் முதலாண்டு மாணவன் ஒருவன் குளத்தங்கரையில் நின்றான். நான் பழைய பழக்கத்தில், "புரிந்ததா, தம்பி?" என்று கேட்டுவிட்டேன். அவன் உடனே தலையாட்டினான்.

என் நண்பன் என்னை விலக்கிவிட்டு முன்னால் வந்தான். "அண்ணன் கேட்டதை விடு, தம்பி. அந்த வளையம் எங்கே இருக்கிறது, காட்டு" என்றான்.